படைவீரரின் படிப்புரிமையும் கம்ப்யூட்டர் சான்றிதழும்

யுத்தம் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்க்கு ராஜ்யம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்வி மிகப் புராதனமானது. நிலம் கொடுத்த நாடுகள் உண்டு. பொன்னும் பட்டமும் கொடுத்த நாடுகள் உண்டு. ஒன்றும் கொடாமல் மறந்துபோன நாடுகளும் உண்டு. படிப்பைக் கொடுப்பது என்றும், அதையும் தர்மமாக அன்றிச் சட்டப்படி கேட்டுப் பெறத்தக்க உரிமையாகவே கொடுப்பது என்றும் தீர்மானித்துப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது, 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம். ‘ஜி.ஐ. பில்’ என்று ஜனங்கள் அழைத்த அச்சட்டத்தின் சந்ததியாக வந்த இன்றைய சட்டங்களின் கீழ், ஒரு மாஜி சிப்பாய் கல்லூரி வாசலை மிதிக்காமலே, சிஸ்கோ, மைக்ரோசாப்ட், காம்ப்டியா முதலிய ஸ்தாபனங்கள் நடத்தும் கம்ப்யூட்டர் பரீட்சைகளை எழுதி, கட்டிய கட்டணத்தைச் சர்க்காரிடமிருந்து திரும்பப் பெறலாம். சில நூறு டாலர்களே சம்பந்தப்பட்ட சிறிய சலுகைதான். ஆயினும் இதன் வரலாற்றைத் தொடர்ந்து ஆராய்கிறவருக்கு, கல்விக்கென்று சர்க்கார் பணம் தரும்போது உண்மையில் எதை விலைக்கு வாங்குகிறது என்ற பெரிய பிரச்னையே அதில் ஒளிந்திருப்பது தெரியவரும். எதை அளந்து பணம் தரப்படுகிறதோ அதுவே சந்தையில் பெருகுகிறது என்பதுதான் எண்பது ஆண்டு அனுபவத்திலிருந்து நான் எடுக்கும் முடிவு.

1944ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் நன்றியுணர்ச்சியில் பிறந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதில் பயமும் கலந்திருந்தது. முதல் உலக யுத்தத்தில் போரிட்டவர்களுக்கு 1924இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு போனஸை வாக்களித்து, அதை 1945இல்தான் கொடுப்போம் என்று சொல்லி வைத்தது. நடுவே பொருளாதார மந்தம் வந்து வேலையும் வீடும் போனவர்கள், வாக்களித்த பணத்தை இப்போதே தருக என்று 1932ஆம் ஆண்டு கோடையில் பல்லாயிரக் கணக்கில் வாஷிங்டனுக்குத் திரண்டு, அனகோஸ்டியா நதிக்கரையில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28ஆம் தேதி தளபதி டக்ளஸ் மக்கார்தரின் தலைமையில் வந்த படை, கண்ணீர்ப் புகையும் குதிரைகளும் டாங்குகளுமாக அவர்களை விரட்டிக் குடிசைகளையும் எரியவிட்டது. ஒரு நாட்டின் படை அதே நாட்டின் பழைய படையை விரட்டிய அந்தக் காட்சி, இரண்டாவது யுத்தம் முடிகிற தறுவாயில் ராஜதந்திரிகளின் மனத்தை விட்டு அகலவில்லை. ஒன்றரைக் கோடிப் பேர் ஒரே சமயத்தில் வேலை தேடி வந்தால் என்ன ஆகும்?

‘அமெரிக்கன் லீஜன்’ என்ற மாஜி படைவீரர் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மெரி, வாஷிங்டனில் மேபிளவர் ஹோட்டல் அறையில் அமர்ந்து மசோதாவின் முதல் நகலைக் கைப்பட எழுதினார். இரு சபைகளின் கூட்டுக் குழுவில், மிஸிஸிப்பியின் ஜான் ராங்கின் முட்டுக்கட்டையாக நின்றார். கறுப்பு இனத்துச் சிப்பாய்களுக்கு வேலையில்லாக் காலத்து உதவிப் பணம் கிடைத்துவிடுமே என்பது அவருடைய கவலை. குறைந்த ஒரு வாக்குக்காக ஜார்ஜியாவில் இருந்த பிரதிநிதி ஜான் கிப்ஸனைத் தேடிப் பிடித்து, இரவோடிரவாகக் காரில் ஜாக்ஸன்வில் வரை கொண்டுபோய், அங்கிருந்து விமானம் ஏற்றித் தலைநகரில் இறக்கினார்கள். மசோதா பிழைத்தது. ஆனால் ராங்கினின் மனோபாவம் சாகவில்லை: சட்டத்தை அமல் செய்யும் பொறுப்பில் பெரும்பகுதி மாகாண, ஸ்தல அதிகாரிகளின் கையில் விடப்பட்டதால், தென் மாகாணங்களில் கறுப்பு இன வீரர்களுக்கு இந்த உரிமை ஏட்டளவிலேயே நின்ற இடங்கள் பல.

வருஷத்துக்கு 500 டாலர் வரை பள்ளிச் சம்பளம், மனைவி மக்கள் இல்லாதவருக்கு மாதம் 50 டாலர் ஜீவனப் படி என்பது ஆரம்ப ஏற்பாடு. சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் போன்ற பெரியவர்கள், தகுதியற்ற கூட்டம் வந்து கல்லூரிகளைப் பாழாக்கிவிடும் என்று அஞ்சினார்கள்; 1947இல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மாஜி படைவீரர்களாக இருந்தும் அப்படி ஒன்றும் நேரவில்லை, அவர்களே நன்றாகப் படித்துக் காட்டினார்கள். பின்னாளில் சொல்லப்படும் கீர்த்தியெல்லாம் இந்த 22 லட்சம் கல்லூரி மாணவர்களைப் பற்றியதே. ஆனால் சலுகையைப் பயன்படுத்திய 78 லட்சம் பேரில் எஞ்சிய 56 லட்சம் பேர் தொழிற்பள்ளிகளிலும் பட்டறைகளிலும் பண்ணைகளிலும் பயின்றவர்கள். நம் விஷயத்துக்கு உண்மையான மூதாதையர் இவர்களே.

இவர்களை வைத்துத்தான் ஏமாற்று வியாபாரம் நடந்தது. மாணவனின் கையில் பணத்தைக் கொடாமல் பள்ளிக்கே நேராகக் கட்டணம் செலுத்துவது அக்காலத்து முறை. ஆகவே சிப்பாய் ஒருவன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான் என்று வருகைப் பதிவேட்டில் காட்டிவிட்டால் பள்ளிக்குப் பணம் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் லாபநோக்குள்ள தொழிற்பள்ளிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. இச்சலுகையை வைத்து நடந்த அத்தகைய பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை 1944க்குப் பின் பிறந்தவையே. பால்ரூம் நடனமும் மதுக்கடையில் பானம் கலக்கும் வித்தையும் கூடச் சர்க்கார் செலவில் கற்பிக்கப்பட்டன. பொழுதுபோக்குப் படிப்புகளை 1948இல் காங்கிரஸ் தடை செய்தது. அப்பொழுதும் வியாதியின் வேர் போகவில்லை. டெக்ஸஸ் பிரதிநிதி ஒலின் டீக், தாமே யுத்தத்தில் படுகாயமுற்றவர், தலைமை வகித்த விசாரணைக் குழு இந்த ஊழல்களை வெளிக்கொணர்ந்த பிறகுதான், கொரிய யுத்த வீரர்களுக்கான 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு விவேகமான மாறுதல்கள் வந்தன. பள்ளிக்குப் பணம் செலுத்துவதை நிறுத்தி, மாதம் 110 டாலரைச் சிப்பாயின் கையிலேயே கொடுத்தார்கள். செலவு தன்னுடையதானால் பேரம் பேசத் தெரியாதவன் யார்? இரண்டாவது, லாபத்துக்கு நடக்கும் பள்ளிகளில் எந்தப் படிப்பிலும் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் சர்க்கார் பணத்தில் படிக்கக் கூடாது என்று விதித்தார்கள். தன் சொந்தக் காசைக் கொடுத்துப் படிக்க நூறில் பதினைந்து பேராவது முன்வராத படிப்புக்குப் பொக்கிஷத்தைத் திறக்க வேண்டாம் என்பது அதன் தாத்பர்யம். இதைவிட எளிய, இதைவிடக் கூர்மையான கல்விப் பரிசோதனை ஒன்றை நான் அறியேன்.

இனி மறு நதி ஒன்று வந்து இதில் கலக்கிறது. 1980களின் இறுதியில் ஆபீஸ் தோறும் கம்ப்யூட்டர்களை வலைப்பின்னலாக இணைக்கும் வழக்கம் பரவியபோது, அவற்றை நிறுவிப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் யார் என்று கண்டறிய முதலாளிகளுக்கு வழியில்லை. சர்வகலாசாலைகளோ அந்த வித்தையைப் பாடமாக வைத்திருக்கவில்லை. நாவெல் என்ற கம்பெனி தன் நெட்வேர் மென்பொருளில் தேறியவர்களுக்குத் தானே பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுத்தது. பின்னர் மைக்ரோசாப்ட் வந்தது. 1993இல் சிஸ்கோ தன் சி.சி.ஐ.இ. என்ற கடினமான பரீட்சையை ஏற்படுத்தியது. வியாபாரிகள் சங்கமாகத் தோன்றிய காம்ப்டியா, அதே ஆண்டில் எந்தக் கம்பெனியையும் சேராத ‘ஏ பிளஸ்’ சான்றிதழைக் கொண்டுவந்தது. சரக்கை விற்பவனே அதைக் கையாளத் தெரிந்தவன் இவன் என்று முத்திரை குத்துவது விசித்திரந்தான். ஆனாலும் முத்திரைக்கு மதிப்பு ஏற்பட்டது. மதிப்பு ஏற்பட்டதும், இரண்டு வாரத்தில் பரீட்சைக்குத் தயார் செய்து தருகிறோம் என்று பல்லாயிரம் டாலர் வசூலித்த பயிற்சிக்கூடங்களும், கேள்விகளைத் திருடி விற்றவர்களும், அவற்றை நெட்டுருப்போட்டுத் தேறிவிட்டு ஒரு கம்பியைக்கூடச் சரியாகப் பொருத்தத் தெரியாமல் நின்ற ‘காகித இஞ்சினீயர்’களும் தோன்றினார்கள்.

1990களில் ராணுவத்தை விட்டு வந்த இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கப்பலிலோ பாசறையிலோ தகவல் தொடர்புக் கருவிகளை ஆண்டுக்கணக்காக இயக்கியவன். கையில் வித்தை இருக்கிறது, காகிதம் இல்லை. அவனுக்கிருந்த படிப்புரிமை, 1984ஆம் ஆண்டு காங்கிரஸ் பிரதிநிதி மாண்ட்கோமரியின் பெயரால் வந்த சட்டத்தின்படி, பன்னிரண்டு மாதம் தன் சம்பளத்தில் 100 டாலர் வீதம் விட்டுக்கொடுத்துப் பெற்ற முப்பத்தாறு மாதப் படிப்பு. வகுப்பில் உட்கார்ந்தால் பணம் வரும். தெரிந்த வித்தையைப் பரீட்சை எழுதி நிரூபிக்கப் புறப்பட்டால் வராது. தெரியாதவனுக்கு உதவி, தெரிந்தவனுக்கு இல்லை என்ற இந்த முரண்பாட்டை நீக்கியது 2000ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டம். 2001 மார்ச் முதல் தேதியிலிருந்து, அங்கீகரிக்கப்பட்ட லைசென்ஸ் அல்லது சான்றிதழ்ப் பரீட்சை ஒவ்வொன்றுக்கும் 2,000 டாலர் வரை கட்டணத்தைத் திரும்பத் தர அது வகை செய்தது. தேறினாலும் தேறாவிட்டாலும் பணம் உண்டு. மறுபடி எழுதினாலும் உண்டு. முதலில் தன் காசைக் கட்டி எழுதிவிட்டு, ரசீதையும் முடிவுத் தாளையும் இணைத்து 22-0803 என்ற எண்ணுள்ள விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும்.

பரீட்சை நடக்கும் இடத்தையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கல்லூரிப் பட்டமளிப்பின் ஆடம்பரம் ஒன்றும் அங்கில்லை; ஏதோ ஒரு வாணிபக் கட்டடத்தின் மாடியில் சிறிய அறை. வந்தவர் இரண்டு அடையாளச் சீட்டுகளைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, படம் எடுக்க முகத்தைக் காட்டி, கைக்கடிகாரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிய பின்னரே உள்ளே போகலாம். அழித்தெழுதும் பலகை ஒன்றும் பேனாவும் கொடுப்பார்கள். ‘செக்யூரிட்டி பிளஸ்’ என்ற பாதுகாப்புப் பரீட்சையானால் தொண்ணூறு நிமிஷம், அதிகபட்சம் தொண்ணூறு கேள்வி. நூறிலிருந்து தொள்ளாயிரம் வரை செல்லும் அளவுகோலில் 750 வாங்கினால் தேர்ச்சி. கடைசிப் பொத்தானை அழுத்தியவுடன் முடிவு தெரிந்துவிடும். சென்னையில் இதே கேள்விகளுக்கு இதே மாதிரி அறையில் பதில் எழுதுகிற நம் பிள்ளைகள் பலர், அந்தக் கட்டணத்தைத் தகப்பனார் சேமிப்பிலிருந்தோ முதல் சம்பளத்திலிருந்தோ கட்டுகிறார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

2001ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது: பரீட்சைக்குச் செலவான தொகை எவ்வளவோ, அந்த விகிதத்துக்கு மட்டுமே முப்பத்தாறு மாத உரிமையில் கழித்தார்கள். செனட்டர் ஜிம் வெப் முன்னின்று கொணர்ந்து 2009 ஆகஸ்டில் அமலுக்கு வந்த புதிய சட்டம், கல்லூரிச் சம்பளத்தையும் வீட்டு வாடகைப் படியையும் சேர்த்துத் தந்து மிகுந்த தாராளம் காட்டியதாயினும், இந்த ஒரு விஷயத்தில் தடுமாறியது. ஆரம்பத்தில் ஒரே ஒரு பரீட்சைக்குத்தான் பணம் என்றது. 2011இல் அந்தத் தடையை நீக்கி எத்தனை பரீட்சையும் எழுதலாம் என்றார்கள். ஆனால் ஒவ்வொரு 1,460 டாலருக்கும் ஒரு மாதம் என்று கழிக்கவும், எவ்வளவு சிறிய தொகையானாலும் குறைந்தது ஒரு முழு மாதத்தைக் கழிக்கவும் விதித்தார்கள். இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ‘ஏ பிளஸ்’ என்பது தனித்தனியான இரண்டு பரீட்சைகள், அக்காலத்தில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 200 டாலர். அதற்கு மேல் ‘செக்யூரிட்டி பிளஸ்’, சுமார் 300 டாலர். எல்லாம் சேர்ந்து 700 டாலருக்காகச் சிப்பாய் இழப்பது மூன்று மாத உரிமை. அதே மூன்று மாதத்தைக் கல்லூரியில் செலவிட்டிருந்தால், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரத்தில் வாடகைப் படி மட்டுமே மாதம் 3,000 டாலரைத் தாண்டும்; கல்லூரிச் சம்பளம் வேறு. விவரம் தெரிந்தவன் பரீட்சைக் கட்டணத்தைத் தன் கையிலிருந்தே கட்டிவிட்டுச் சும்மா இருந்தான். தெரியாதவன் சலுகை என்று நம்பிப் போய் ஆயிரக்கணக்கான டாலரை இழந்தான். கெட்ட எண்ணத்தால் நேர்ந்த அநியாயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். மாதம் என்ற அளவுகோலைத் தவிர வேறொன்றைக் கையிலெடுக்க ஓர் இலாகா சோம்பியதன் பலன். 2017 ஆகஸ்டில் கையெழுத்தாகி, மேபிளவர் ஹோட்டலில் எழுதிய அதே ஹாரி கோல்மெரியின் பெயரைத் தாங்கிய சட்டம், 2018 ஆகஸ்டு முதல் செலவான அளவுக்கே கழிக்கும் பழைய நியாயத்தை மீட்டுத் தந்தது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பரிகாரமும் இருந்தது. அதற்கான காரணம் கசப்பானது. புதிய ஜி.ஐ. பில்லின் தாராளம், 1940களின் தொழிற்பள்ளிக்காரர்களின் பேரப்பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டது. லாபத்துக்கு நடக்கும் கல்லூரிகள் தம் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மத்திய சர்க்காரின் மாணவர் உதவியிலிருந்து பெறலாகாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் படைவீரர் படிப்புப் பணத்தை அந்தத் தொண்ணூறில் சேர்க்காமல், மாணவன் சொந்தமாகக் கொண்டுவந்த பத்தில் சேர்த்துக் கணக்கிடச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே ஒவ்வொரு மாஜி சிப்பாயும் அக்கல்லூரிகளுக்கு ஒன்பது மடங்கு பெறுமானம் உள்ள சரக்கானான். ராணுவ முகாம் வாசல்களிலேயே ஆள் பிடித்தார்கள். தொழில்நுட்பக் கல்வியில் நாடெங்கும் 130க்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருந்த ஐ.டி.டி. என்ற ஸ்தாபனத்தை, புதிய மாணவர்களைச் சர்க்கார் உதவியில் சேர்க்க விடாமல் கல்வி இலாகா தடுத்த சில தினங்களில், 2016 செப்டம்பரில் அது கதவை இழுத்துச் சாத்தியது. வகுப்பில் பாதியில் நின்ற சிப்பாய்களின் மாதங்கள் வீணாயின. அவற்றைத் திருப்பிக் கொடுத்தது கோல்மெரி சட்டம். தொண்ணூறு விதியின் ஓட்டையை 2021ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்து, 2023இலிருந்து அமலாக்கியது. 1952இல் டீக் கண்டறிந்த உண்மையை ஒரு நாடு இவ்வளவு காலம் மறந்திருந்தது ஆச்சரியமே.

ஆனாலும் சான்றிதழுக்கு இவ்வளவு மதிப்பை ஏற்றியதில் ராணுவ இலாகாவுக்கே பெரும் பங்குண்டு. தன் கம்ப்யூட்டர் வலையில் விசேஷ அதிகாரத்தோடு வேலை செய்கிற ஒவ்வொருவரும், சிப்பாயோ சிவிலியனோ குத்தகைக்காரரின் ஆளோ, குறித்த சான்றிதழ்களில் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் 8570ஆம் எண் உத்தரவு கட்டளையிட்டது. 2005 டிசம்பரில் அதன் விவரக் கையேடு வந்தது. அன்று முதல் ‘செக்யூரிட்டி பிளஸ்’ என்பது பென்டகன் குத்தகை வேலைகளுக்கு நுழைவுச் சீட்டாயிற்று. படையிலிருக்கும்போதே இதை இலாகாவின் செலவில் எழுதிவிடுகிறவன் புத்திசாலி. இல்லாவிட்டால் வெளியே வந்து தன் படிப்புரிமையைக் கரைத்து எழுத வேண்டியிருக்கும். அதுவும் ஒரு தரம் எழுதினால் ஆயுள் முழுதும் போதும் என்ற காலம் போய்விட்டது: 2011 முதல் காம்ப்டியா அளிக்கும் பாதுகாப்புச் சான்றிதழின் ஆயுள் மூன்று ஆண்டுகள்தான்.

இதுவரை சொன்ன பரீட்சைக் கட்டண ஏற்பாட்டில் ஊழலுக்கு இடம் குறைவு என்பது கவனிக்கத்தக்கது. பரீட்சை நடத்துகிறவன் வேறு, கற்பிக்கிறவன் வேறு. கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. உலகெங்கும் சொந்தக் காசில் எழுதுகிறவர்கள் ஏராளம் இருப்பதால், எண்பத்தைந்துக்குப் பதினைந்து என்ற டீக்கின் பரிசோதனையில் அது தானாகவே தேறிவிடுகிறது. அதன் குறை வேறிடத்தில் இருந்தது. பரீட்சை 400 டாலர் என்றால் அதற்கான பயிற்சி பல மடங்கு. அந்தப் பயிற்சிக்கு இச்சலுகை நெடுங்காலம் ஒரு காசும் தரவில்லை. அந்தக் குறையை நிவர்த்திக்க இருவழிகள் முயலப்பட்டன.

முதல் வழி 2019இல் தொடங்கிய ‘வெட் டெக்’ என்ற சோதனைத் திட்டம். படிப்புரிமையில் ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தால் போதுமாயிருந்தது; அந்த நாளும் செலவாகவில்லை; படிக்கும் காலத்துக்கு வாடகைப் படியும் கிடைத்தது. பயிற்சிக்கூடத்துக்கு மாணவன் சேர்ந்தவுடன் கட்டணத்தில் கால் பங்கு, படித்து முடித்ததும் கால் பங்கு, அந்தத் துறையில் அவன் உத்தியோகத்தில் அமர்ந்த பிறகுதான் மீதிப் பாதி. இருக்கையையும் மாதத்தையும் எண்ணிக்கொண்டிருந்த ஒரு சட்ட மரபு, முதன்முறையாகச் சிப்பாயின் கைக்கு வரும் சம்பளத்தை எண்ணத் துணிந்தது இங்கேதான். ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் என்று ஒதுக்கியது போதாமல் காங்கிரஸ் தொகையைப் பன்மடங்கு உயர்த்த வேண்டியிருந்தது. கூடத்துக்காரன் இனி சுலபமாக வேலை கிடைக்கக்கூடியவர்களை மட்டுமே பொறுக்கிச் சேர்ப்பான் என்ற ஆட்சேபம் எழக்கூடும். அதில் நியாயமும் உண்டு. ஆயினும் ஒருவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிற கூடம், சேர்த்து ஏமாற்றுகிற கூடத்தைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது வழி, 2021 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின் மூலம், சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தயார் செய்யும் பயிற்சிக்கான கட்டணத்தையும் படிப்புரிமையிலிருந்து திரும்பத் தருவது. நோக்கம் நல்லதே; இரண்டாயிரத்தில் விட்டுப்போன பாதியை இட்டு நிரப்புகிறது. ஆனால் இங்கே பணம் எதை அளந்து போகிறது என்று பார்த்தால், பயிற்சி எடுத்தான் என்ற செய்தியை அளந்தே போகிறது. தேர்ச்சியோ வேலையோ கணக்கில் வரவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்தவனை எண்ணிய 1944ஆம் ஆண்டு முறையின் சாயல் இதில் இருப்பதைக் கண்டும் காணாமல் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டு வாரத்தில் தேற வைக்கிறோம் என்று கூவும் கூடங்கள் அந்த வாசனையை அறியாதவையல்ல.

‘வெட் டெக்’ 2024 ஏப்ரல் முதல் தேதியோடு காலாவதியாகி, 2025 ஜனவரி 2ஆம் தேதி கையெழுத்தான மற்றொரு சட்டத்தால் மறுஜென்மம் பெற்றிருக்கிறது. இரண்டு ஏற்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எது எதைத் திருத்தப் போகிறது என்பதே இனிக் கேள்வி. என் தீர்ப்பைச் சொல்கிறேன். பரீட்சைக் கட்டணத்தைத் தேறினாலும் தேறாவிட்டாலும் திரும்பத் தருவது சரி. அதில் தோற்பவன் சிப்பாய் ஒருவனே, ஆதாயம் பெறும் தரகன் நடுவில் இல்லை. பயிற்சிக் கட்டணம் அப்படிப்பட்டதல்ல. பாதியைச் சிப்பாய் தேறிய பிறகோ வேலையில் அமர்ந்த பிறகோ பெற்றுக்கொள்ளச் சம்மதிக்காத எந்தப் பயிற்சிக்கூடத்துக்கும், அதன் விளம்பரம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், பொக்கிஷத்திலிருந்து ஒரு டாலரும் போகலாகாது.